நிறுக்காத கொழுந்து

2022 ஏப்ரல் மாசம். ஹட்டன் பக்கத்தில் ஒரு சின்ன கம்பியூட்டர் சென்டர். காலை பத்தரை மணி இருக்கும். ஆறாம் நம்பர் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. 58 வீதம். 59 வீதம். அப்புறம் திரை கறுத்துப்போனது.

கரண்ட் போய்விட்டது. அந்த நாட்களில் அது ஒன்றும் புதுசில்லை. மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் வெட்டினார்கள். எரிபொருள் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் இல்லை. காசல்ரியும் மவுசாகலையும் மேல் கொத்மலையும் எங்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. நாட்டுக்கே கரண்ட் போகிற மலையில் இருந்துகொண்டு மெழுகுவத்தி தேடினோம். அன்றைக்கு எங்கள் பக்கம் பகல் ஒரு மணிக்குத்தான் வெட்டு என்று நினைத்திருந்தேன். அது முந்திக்கொண்டது.

அந்தப் பச்சைக் கோட்டுக்குப் பின்னால் இருந்தது என் அம்மாயியின் 11 நிமிச வீடியோ. அதற்கு வேறு பிரதி இல்லை. அது எப்படித் தொலைந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் கம்பியூட்டர் விசயம் வரும். நானும் கலைப் பீடம்தான், பயப்பட வேண்டாம்.

ஏ.எல். முடித்துவிட்டு கெம்பஸ் கிடைக்கும்வரை காத்திருக்கிற அந்த நீண்ட காலம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில்தான் சென்டருக்குப் போனேன். அங்கே பத்து மெசின். எல்லாம் யாரோ பாவித்துக் கொடுத்தவை. ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. பழுதான டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு, புதுசு வாங்கக் காசில்லாமல், அங்கே படிப்பிக்கிற அண்ணா வேறொரு வழி செய்திருந்தார். மூலையில் ஒரு நல்ல கம்பியூட்டர், அதுதான் சேர்வர். மற்றப் பத்து மெசினும் சுவிச் போட்டவுடன் நெட்வேர்க் வயர் வழியாக அந்தச் சேர்வரைத் தேடிப்போய், லினக்ஸை அதனிடமிருந்து வாங்கிக்கொண்டு எழும்பும். எல்.டி.எஸ்.பி. என்று ஒரு இலவச மென்பொருள், 1999இல் தொடங்கியது, அதைத்தான் போட்டிருந்தார். உலகம் பூராவும் காசில்லாத பள்ளிக்கூடங்கள் பாவித்த முறை இது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கம்பியூட்டரில் நீங்கள் ஒரு வேலை செய்யும்போது, உங்களுக்குத் தெரியாமலே அது நிறைய தற்காலிகக் கோப்புகளை எழுதும். வேலை முடிந்ததும் அழித்துவிடும். ஹார்ட் டிஸ்க் இருந்தால் அங்கேயே எழுதிக்கொள்ளும். டிஸ்க் இல்லாத மெசின் எங்கே எழுதும்? வயர் வழியாகச் சேர்வருக்கு அனுப்ப வேண்டும். எங்கள் சென்டர் நெட்வேர்க்கின் வேகம் 100 மெகாபிட், அதாவது செக்கனுக்கு 12 எம்பி சொச்சம். 1.4 ஜிபி கோப்பு ஒன்றை அனுப்ப ஒரு மெசினுக்கே இரண்டு நிமிசம் தேவை. பத்துப் பேரும் ஒரே வயரில் அடித்துப்பிடித்தால் இருபது நிமிசம். எழுதினதைத் திரும்ப வாசிக்க இன்னொரு இருபது. பக்கத்து மெசினில் ஒருத்தி சும்மா எழுத்து தட்டிக்கொண்டிருப்பாள், அவளுடையதும் சேர்ந்து இழுபடும்.

அதற்காக அண்ணா செய்தது இதுதான்: 'டெம்ப்' என்ற ஃபோல்டரை மெசினின் நினைவகத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். ரெம் என்கிறோமே, அதில். பார்க்க ஒரு டிஸ்க் மாதிரியே இருக்கும். கோப்பு வைக்கலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம். ஆனால் எதுவும் வயருக்குள் இறங்காது. மின்னல் வேகம்.

இது பழைய யோசனை என்று பிறகுதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். 1980களில் அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பனி டிஸ்க் இல்லாத கம்பியூட்டர்களை விற்றது. அப்போது டிஸ்க் விலை அவ்வளவு. சன்-3/50 என்ற மொடலுக்கு நினைவகம் வெறும் 4 எம்பி. அவர்களுக்கும் இதே தலைவலி: சில செக்கன் மட்டும் வாழ்ந்து சாகிற கோப்புகூட சேர்வர் டிஸ்க்வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. 1990இல் அந்தக் கம்பனியின் பீட்டர் ஸ்னைடர் 'டெம்ப்-எஃப்எஸ்' என்ற முறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன்னாலும் நினைவகத்தில் டிஸ்க் மாதிரி ஒரு துண்டை ஒதுக்கி வைக்கிற பழக்கம் இருந்தது. ஆனால் ஒதுக்கினது ஒதுக்கினதுதான், வெறுமையாகக் கிடந்தாலும் வேறு வேலைக்கு உதவாது. டெம்ப்-எஃப்எஸ் அப்படி இல்லை. கோப்பு வந்தால் மட்டும் இடம் எடுக்கும், அழித்தால் திருப்பிக் கொடுக்கும். 2001இல் லினக்ஸ் 2.4 வரிசையோடு இது லினக்ஸுக்கும் வந்தது. ஒன்றும் சொல்லாவிட்டால், இருக்கிற ரெம்மில் பாதிவரைதான் நிரம்ப விடும். எங்கள் மெசினில் ரெம் 4 ஜிபி, ஆக டெம்புக்கு 2 ஜிபி.

இன்னொரு விசயமும் இருக்கிறது. டிஸ்க் உள்ள மெசினில் நினைவகம் நெருக்கடியானால், பாவிக்காமல் கிடக்கிறதை டிஸ்க்கில் ஒரு ஓரமாக இறக்கிவைத்துச் சமாளிக்கும். டிஸ்க் இல்லாததுக்கு அந்த வசதி சும்மா கிடைக்காது. டெம்பை நிரப்பிவிட்டு பிரவுசரில் இருபது பக்கம் திறந்தால், லினக்ஸ் ஏதாவது ஒரு புரோகிராமைத் தானாகவே கொன்றுவிடும். அதனால் அண்ணா சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தார்: "டெம்பில் வைத்தது உங்களுடையது இல்லை." நான் தினமும் பார்த்த கடதாசி.

சரி, வீடியோவுக்கு வாறேன்.

அம்மாயிக்கு ஒரு அக்கா இருந்தார். பெரியம்மாயி. 1971இல் இந்தியாவுக்குப் போனவர். ஏன் போனார் என்பது நம்ம எல்லார் வீட்டுக் கதையும்தான். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம்ம ஆட்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பத்து வருசம் கழித்து இந்திராவும் சிறிமாவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டில் அக்கா அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம். ஹட்டன் டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம். அங்கிருந்து கூடலூர். திரும்பவும் தேயிலைத் தோட்டம்.

2022 மார்ச்சில் ஒரு இரவு, கரண்ட் இல்லாத இரவு, அடுப்படியில் குந்தியிருக்கும்போது அம்மாயி தானாகவே அந்தக் கதையை ஆரம்பித்தார். நான் ஃபோனை எடுத்துப் பிடித்தேன். அடுப்பு வெளிச்சம் மட்டும். முகம் பாதிதான் தெரியும். 11 நிமிசம் பேசினார். கோச்சி கிளம்பும்போது அக்கா யன்னலால் தலையை நீட்டி என்னவோ கத்தினாராம். எல்லாரும் அழுதுகொண்டிருக்கிற இடத்தில் அக்கா கத்தினது ஆட்டுக்குட்டியைப் பற்றி. "அடியே, குட்டிய வித்துராத!" அதை அம்மாயி அக்காவின் குரலிலேயே சொன்னார். கீச்சென்று, மூக்கால் இழுத்து. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து எது தொடங்கினது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியம்மாயியை நான் பார்த்ததில்லை. அவர் குரலை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் தங்கச்சி வாயால்.

என் ஃபோன் 16 ஜிபி. எப்போதும் நிரம்பி வழியும். வீடியோ 1.4 ஜிபி. இன்டர்நெட்டில் ஏற்ற டேட்டாவுக்குக் காசில்லை. சென்டரில் சேர்வரில் ஒரு ஆளுக்கு 500 எம்பி இடம்தான். ஆகவே திட்டம் போட்டேன்: வீடியோவை டெம்புக்குள் போடுவது, அங்கேயே சுருக்குவது, 90 எம்பி அளவுக்கு வந்ததும் சேர்வரில் என் ஃபோல்டரில் சேமிப்பது. திட்டத்தில் பிழையில்லை. டெம்ப்-எஃப்எஸ் இருக்கிறதே இந்த மாதிரிப் பெரிய, கொஞ்ச நேரத்து வேலைக்குத்தான்.

பிழை ஒரு சொல்லில் இருந்தது. கோப்பி என்பதற்குப் பதிலாக கட் என்று அமத்தினேன். ஃபோனில் இடம் வேண்டியிருந்தது. பிறகு அழிக்கிறதை இப்போதே செய்தால் என்ன என்ற அவசரம். வீடியோ ஃபோனைவிட்டு டெம்புக்குப் போனது. அது அங்கே சுருங்கிக்கொண்டிருந்தபோதே, வந்த இடத்தைச் சும்மா விடாமல் சென்டரில் நண்பி ஒருத்தி போட்ட டான்ஸை ஃபோனில் பிடித்தேன். 59 வீதத்தில் கரண்ட் போனது.

சேர்வருக்கு யூ.பி.எஸ். இருந்தது. அது கீக்கீ என்று கத்திக்கொண்டு உயிரோடு நின்றது. எங்கள் பத்து மெசினுக்கும் இல்லை. சேர்வரில் சேமித்தவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. ஃபோனிலிருந்து அழிந்ததை மீட்க அண்ணா இரண்டு நாள் முயற்சி செய்தார். அந்த இடத்தில் டான்ஸ் உட்கார்ந்திருந்தது. கிடைக்கவில்லை.

ரெம் ஏன் இப்படி மறக்கிறது என்று கோபத்தில்தான் தேடி வாசித்தேன். அதற்குள் கோடிக்கணக்கான மிகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் இருக்கின்றனவாம், ஒவ்வொன்றிலும் துளி மின்னேற்றம். ஆனால் எல்லாக் கிண்ணமும் ஓட்டை. ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒரு தடவை, அதாவது செக்கனுக்குப் பதினைந்து தடவைக்கு மேல், எல்லாவற்றையும் வாசித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். நிரப்ப கரண்ட் இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் வெறும் கிண்ணம். குளிரில் ஒழுகல் குறையும். 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆட்கள் ரெம்மை மைனஸ் 50 பாகை வரை குளிர வைத்து, கரண்டை நிறுத்திப் பல நிமிசம் கழித்தும் உள்ளே இருந்ததை வாசித்துக் காட்டினார்கள். நுவரெலியாக் குளிர் அதற்குப் பத்தாது.

இனி அம்மாயியிடம் சொல்ல வேண்டும். அதுதான் பெரிய வேலை. ரெம், சேர்வர் என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். அப்புறம் வேறு மாதிரிச் சொன்னேன். "மலைல கொழுந்து எடுக்கிறப்போ ஒவ்வொரு கொழுந்தையும் கிள்ளிக் கிள்ளி மடுவத்துக்கு ஓடுவீங்களா அம்மாயி?"

"பைத்தியமா? கூடைல போடுவோம். ரொம்புனா நிறுவைக்குக் கொண்டு போவோம்."

"அதே மாதிரித்தான். நானும் கூடைல போட்டேன். நிறுவைக்குக் கொண்டு போறதுக்குள்ள கூடை கவுந்து ஆத்தோட போயிருச்சு."

அம்மாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. 38 வருசம் கொழுந்தெடுத்தவர். காலை நிறுவை, பகல் நிறுவை, பின்னேர நிறுவை, குறையும்போது அரைப்பேர், துண்டில் எழுதினதுக்கும் செக்ரோலில் எழுதினதுக்கும் வித்தியாசம், எல்லாம் பார்த்தவர். "நிறுக்காத கொழுந்து கணக்குல வராது" என்றார். திட்டவில்லை. அந்த வசனத்தை வாழ்க்கையில் எத்தனையோ தடவை யாரிடமோ சொல்லியிருப்பார், அல்லது யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்கள். அந்தத் தொனிதான் இருந்தது. பிறகு, "எல்லாத்தையுமா ஒரே கூடைல போட்ட?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. கூடையில் பிழையில்லை, கூடை இல்லாமல் மலையில் வேலை செய்ய முடியாது. தற்காலிக இடத்தில் எதை வைக்கலாம் என்பதற்கு நான் கண்டுபிடித்த ஒரே சோதனை: இது போனால் திரும்பச் செய்யலாமா? சுருக்கின வீடியோ போயிருந்தால் திரும்பச் சுருக்கலாம். மூலம் போனால் எதைச் சுருக்குவது? டெம்பில் பிரதி இருக்கலாம், மூலம் இருக்கக் கூடாது. அண்ணாவின் கடதாசி சொன்னதும் இதுதான். நான் அதை ஒரு ஒழுங்குவிதி மாதிரி பார்த்துப் பழகிவிட்டேன்.

தற்காலிகம் என்ற சொல் அதற்குப் பிறகு எனக்கு உறுத்த ஆரம்பித்தது. நாங்கள் இருக்கிற லயத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில், வேலைக்கு வந்த ஆட்கள் தங்கிப்போகக் கட்டின வரிசை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. தங்கிப்போக வந்தவர்களின் பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளை நான். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். 200 வருசம் ஆகியும் நிறையப் பேருக்குக் காணி உறுதி இல்லை, பெயர் போட்ட விலாசம் இல்லை. 2003இல் சட்டம் வந்துதான் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி பிறந்தது. நம்மை யாரோ டெம்பில் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அழிக்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள். 1964இல் பாதிக்கு மேல் கட் என்று அமத்தவும் செய்தார்கள். இதை எழுதும்போது கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேனோ என்று தோன்றுகிறது. ஆனால் பெரியம்மாயி கோச்சி ஏறினது கதை இல்லை.

அந்த வருசம் சித்திரை வருசப்பிறப்புக்குப் பிறகு அம்மாயியைத் திரும்பச் சொல்லக் கேட்டேன். பகல் வெளிச்சம், நல்ல இடம், ஃபோன் காலி. "அதான் சொல்லிட்டேனே" என்றார். வற்புறுத்தினதும் சொன்னார். அந்தத் தடவை டேசன் வரவில்லை. ஆட்டுக்குட்டி வரவில்லை. ஹட்டனில் பாஸ்போர்ட்டுக்குக் குடும்பமாகப் படம் பிடித்ததைச் சொன்னார். படத்துக்கு உடுத்த நல்ல சீலை இல்லாமல் அக்கா இவருடைய சீலையைக் கேட்டாராம். கொடுத்தாராம். அந்தச் சீலை அப்படியே இந்தியாவுக்குப் போய்விட்டதாம். "அவ குடுக்கல, நானும் கேக்கல." முதல் தடவை இது இல்லவே இல்லை. ஆட்டுக்குட்டியைப் பற்றி நானே எடுத்துக்கொடுத்தேன். "ஆமா, அப்பிடித்தான் கத்துனா" என்று தன் சொந்தக் குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்காவின் குரல் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் ஒரு நாள் அதை நடித்துக் காட்டினேன். "அப்பிடி இல்ல" என்றார். எப்படி என்று காட்டவில்லை.

ஆகவே என்னிடம் இருப்பது சீலையின் கதை. இழந்தது குரல். ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் வீடியோ பத்திரமாக இருந்திருந்தால், நான் இரண்டாவது தடவை கேட்டிருக்கவே மாட்டேன் என்பதும் உண்மை. கதை கைக்கு வந்துவிட்டது என்று அம்மாயியை விட்டிருப்பேன்.

இப்போது கெம்பஸில் நாங்கள் நாலைந்து பேர் லீவுக்கு வரும்போது தோட்டத்துப் பெரியவர்களின் கதைகளைப் பதிவு செய்கிறோம். பழைய பாஸ்போர்ட், துண்டு, செக்ரோல் கடதாசி கிடைத்தால் ஸ்கேன் செய்கிறோம். இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு 2005இலிருந்து நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. அங்கே நம்ம ஆட்களின் கதைகள் இன்னும் நிறையச் சேரலாம். எங்களிடம் நல்ல மெசின் இல்லை. ஒருத்தனின் மடிக்கணினியில் டிஸ்க் செத்துவிட்டது, பென் டிரைவிலிருந்துதான் லினக்ஸ் எழும்புகிறது. அதிலும் ரெம்முக்குள்தான் வேலை. ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்தால் சுருக்காமல் 104 எம்பி வரும். 2 ஜிபி டெம்பில் இருபது பக்கம்கூடப் பிடிக்காது. அதனால் பத்துப் பக்கம் வந்ததும் நிறுத்துவோம், வெளி டிஸ்க்குக்குக் கோப்பி பண்ணுவோம், திறந்து பார்ப்போம், இரண்டாவது பிரதி போடுவோம், பிறகுதான் டெம்பை அழிப்போம். கட் என்ற சொல்லை எங்கள் குழுவில் யாரும் பாவிக்கிறதில்லை. மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு சாமான், ஒன்றாவது வேறு ஊரில்.

உங்களிடம் நல்ல லெப்டொப் இருக்கலாம், இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 2025இல் வந்த டெபியன் 13இலிருந்து, டிஸ்க் இருக்கிற மெசினிலும் டெம்ப் ஃபோல்டர் நினைவகத்துக்குள்தான் இருக்கும், நீங்கள் மாற்றினால் தவிர. ஃபெடோரா பல வருசத்துக்கு முன்பே அப்படி ஆகிவிட்டது. ஆகவே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுடைய எது எங்கே கிடக்கிறது என்று.

அம்மாயிக்கு இப்போது 78 வயசு. சீலைக் கதை மூன்று இடத்தில் இருக்கிறது. போன லீவில் வேறொரு கதை சொன்னார், மழையில் ஒரு கங்காணி வழுக்கி விழுந்த கதை. சொல்லி முடித்ததும் நான் ஃபோனை மடியில் வைத்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"நிறுத்துட்டியா?" என்றார்.

வீடியோவைக் கேட்கிறார் என்று நினைத்து ஓம் என்றேன்.

"அத கேக்கல. நிறுவைக்குக் கொண்டு போனியான்னு கேக்கிறேன்."

எழும்பிப் போய் கோப்பி பண்ணிவிட்டு வந்துதான் தேத்தண்ணி குடித்தேன்.